அக்கவுண்டன்ட்டுக்கு ஸ்பானிஷில் எத்தனை பெயர்?

உங்கள் ரெஸ்யூமேயில் மூன்று பதவிகள் இருக்கின்றன: அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், அக்கவுண்ட்ஸ் பேயபிள் எக்ஸிகியூட்டிவ், இப்போது அசிஸ்டென்ட் மேனேஜர் அக்கவுண்ட்ஸ். ஸ்பானிஷில் பி2, அதாவது மேல் இடைநிலைத் தேர்ச்சியும் இருக்கிறது. அப்படியிருந்தும் மாட்ரிட், மெக்சிகோ நிறுவனங்களிலிருந்து ஏன் அழைப்பு வரவில்லை என்று நீங்களும் அப்பாவும் கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பம் தேங்க எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்பானிஷ் பிரதியில் கண்ணில் படுகிற கோளாறு ஒன்று உண்டு, முதலில் அதைச் சரிசெய்வோம். (ஸ்பானிஷ் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறோம். எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

மொழிபெயர்ப்புச் செயலி உங்கள் முதல் பதவியை ‘அசிஸ்தெந்தே தெ குவெந்தாஸ்’ என்றும், மூன்றாவதை ‘சுப்ஹெரெந்தே தெ குவெந்தாஸ்’ என்றும் ஆக்கியிருக்கிறது. ‘குவெந்தாஸ்’ என்றால் கணக்குகள்தான், அகராதிப்படி பிழை இல்லை. ஆனால் பதவிப் பெயரில் ‘தெ குவெந்தாஸ்’ வந்தால் ஸ்பானிஷ்காரர் மனதில் எழுவது வாடிக்கையாளர் கணக்கு. விளம்பர நிறுவனத்திலோ விற்பனைப் பிரிவிலோ வாடிக்கையாளரைக் கவனித்துக்கொள்பவர் ‘எஹெகுதீவோ தெ குவெந்தாஸ்’. ஆங்கிலத்தில் அக்கவுண்ட் மேனேஜருக்கும் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் இடையில் ஒரே ஓர் ‘எஸ்’தான் வித்தியாசம், வேலையோ முற்றிலும் வேறு. ஸ்பானிஷில் அந்த ‘எஸ்’ காப்பாற்றாது. நிதிப் பிரிவுக்குப் போன உங்கள் ரெஸ்யூமே, விற்பனையில் இருந்தவருடையது போலப் படிக்கப்படும்.

கணக்கு எழுதும் வேலைக்கு ‘கொந்தாபிலிதாத்’ என்ற சொல்லும் ‘கொந்தாப்லே’ என்ற அடைமொழியும் இருக்கின்றன. உங்கள் முதல் பதவி ‘அவுக்சிலியார் கொந்தாப்லே’. இது ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் புரியும். இரண்டாவது பதவியை மெக்சிகோவுக்கு ‘அனலிஸ்தா தெ குவெந்தாஸ் போர் பகார்’ என்று எழுதலாம். ‘போர் பகார்’, அதாவது செலுத்த வேண்டிய, என்று சேர்வதால் இங்கே குவெந்தாஸ் குழப்பம் தராது. ஸ்பெயினுக்கு ‘அத்மினிஸ்த்ராதீவா கொந்தாப்லே’, அதாவது கணக்குப் பிரிவு அலுவலகப் பணியாளர், என்று எழுதி, சப்ளையர் பில் பிரிவு என்று அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள்.

நாட்டுக்கு நாடு சொல் மாறும் இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் அக்கவுண்டன்ட் என்றால் ‘கொந்தாதோர்’. ஸ்பெயினில் அதே சொல்லைக் கேட்டால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர்தான் நினைவுக்கு வரும். அங்கே அக்கவுண்டன்ட் ‘கொந்தாப்லே’. அதற்காக, லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்பும்போது ‘கொந்தாதோரா’ (கொந்தாதோரின் பெண்பால்) என்று தாராளமாக எழுதிவிடவும் கூடாது. கொலம்பியாவில் ‘கொந்தாதோர் பூப்ளிகோ’ என்று சொல்லிக்கொள்ள அதற்கான அரசு வாரியத்தின் தொழில் அட்டை வேண்டும். அர்ஜென்டினாவில் தொழில்முறைக் குழுவில் பதிவு வேண்டும், மெக்சிகோவில் தொழில் உரிமச் சீட்டு வேண்டும். உங்களிடம் இருப்பது பி.காம். பட்டம், எனவே ‘அனலிஸ்தா கொந்தாப்லே’ என்பதே பொருத்தம். ஸ்பெயினில் கொந்தாப்லே என்ற பெயருக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ‘அவுதிதோர் தெ குவெந்தாஸ்’, அதாவது கணக்குத் தணிக்கையாளர், என்ற பெயர் அரசுப் பதிவேட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. சி.ஏ. அலுவலகத்தில் ஆறு மாதம் ஆடிட்டுக்குப் போனதை ‘ஆயுதாந்தே தெ அவுதிதோரியா’, அதாவது ஆடிட் உதவியாளர், என்று குறிப்பிடுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். ‘எக்ஸிகியூட்டிவாக இருந்தவளை அத்மினிஸ்த்ராதீவா என்று ஏன் குறைக்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறார். நம் ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எக்ஸிகியூட்டிவ் என்று அட்டை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்பெயினில் ‘எஹெகுதீவோ’ என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் மேல்தட்டில் இருப்பவரைக் குறிக்கும். 25 வயதில் ரெஸ்யூமேயில் அந்தச் சொல் இருந்தால் மதிப்பு கூடாது, படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். லத்தீன் அமெரிக்காவில் ‘எஹெகுதீவோ தெ வெந்தாஸ்’ என்று விற்பனையாளரைச் சொல்வார்கள், அந்த அளவுக்குச் சரி. ஸ்பெயினில் அதே ஆள் வெறும் ‘கொமெர்சியால்’. ஆபிசர் என்ற சொல் இன்னும் மோசமாகக் கவிழ்க்கும். ‘ஒஃபிசியால்’ என்றால் ராணுவ அதிகாரி, இல்லையென்றால் கட்டுமானத்திலும் பட்டறையிலும் கைதேர்ந்த தொழிலாளி. ‘ஒஃபிசியால் தெ பிரிமேரா’ என்பது முதல்தரக் கொத்தனார், எலெக்ட்ரீஷியன் போன்றவர்களின் ஊதியப் படி. எச்.ஆர். ஆபிசருக்கு ஸ்பெயினில் வழங்கும் பெயர் ‘தெக்னிக்கோ தெ ரெகுர்சோஸ் உமானோஸ்’. தெக்னிக்கோ என்றதும் டெக்னீஷியன் என்று நினைக்க வேண்டாம், இங்கே அது பட்டம் படித்த நிபுணரைக் குறிக்கும்.

சொல்லின் முடிவில் தரம் மாறும் ஜோடி ஒன்றையும் மனதில் வையுங்கள். ‘அத்மினிஸ்த்ராதீவோ’ அலுவலகப் பணியாளர். ‘அத்மினிஸ்த்ரதோர்’ ஸ்பெயினில் நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்கும் நிர்வாகி. கணினிப் பிரிவின் ‘அத்மினிஸ்த்ரதோர் தெ சிஸ்தேமாஸ்’ போன்றவை இதற்கு விலக்கு.

மேனேஜர் என்ற சொல்லுக்கு ஒரே விடை கிடையாது. மெக்சிகோ, பெரு, சிலி, கொலம்பியாவில் ‘ஹெரெந்தே’ எனத் துறை மேலாளரைச் சொல்வார்கள். ஸ்பெயினில் ஹெரெந்தே பெரும்பாலும் மொத்த நிறுவனத்தையோ ஒரு முழு அமைப்பையோ நடத்துபவர். துறையளவில் அங்கே ‘ஹேஃபே’, ‘ரெஸ்பொன்சாப்லே’ என்பார்கள், மேல்நிலையில் ‘திரெக்தோர்’. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ‘ஹேஃபே தெ கொந்தாபிலிதாத்’. திரெக்தோரிலும் கவனம் வேண்டும். சிலி, பெரு, அர்ஜென்டினாவில் நிறுவனத்தின் இயக்குநர் குழுவே ‘திரெக்தோரியோ’ என்பதால் அதன் உறுப்பினரும் திரெக்தோர்தான். ஸ்பெயினில் குழு உறுப்பினர் ‘கொன்செஹேரோ’.

உங்கள் மூன்றாவது பதவிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அசிஸ்டென்ட் மேனேஜர் என்று பெயர், ஆனால் உங்களுக்குக் கீழே யாரும் இல்லை. செய்வது பில் பதிவு, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒத்துப் பார்ப்பது, வங்கிக் கணக்கு ஒத்திசைவு, மாத முடிவில் ட்ரையல் பேலன்ஸ் தயாரிப்பு. இதில் ஹேஃபே எங்கும் இல்லை. இந்திய அரசின் தேசியத் தொழில் வகைப்பாடு 2015 பட்டியலை எடுத்து, உங்கள் வேலைக்கான எண்ணைத் தேடுங்கள். எட்டு இலக்கத்தில் முதல் நான்கு, உலகத் தொழிலாளர் அமைப்பின் 2008 வகைப்பாட்டுடன் ஒத்துப்போகும்படி அமைந்தவை. அந்த வகைப்பாட்டின் ஸ்பானிஷ் பதிப்பின் பெயர் சி.ஐ.யூ.ஓ. 08. அக்கவுண்டன்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வது அதில் மூன்று இடத்தில் வரும்: 2411 முழுப் பொறுப்புள்ள கணக்காளர், 3313 அவருக்குத் துணைநிற்கும் இடைநிலைக் கணக்காளர், 4311 பதிவும் சரிபார்ப்பும் செய்யும் எழுத்தர். முதல் இலக்கம்தான் படி: 1 மேலாளர், 2 தொழில்நிபுணர், 3 இடைநிலை, 4 அலுவலக எழுத்தர். உங்கள் முதல் இரண்டு பதவிகள் 4311, இப்போதையது 3313. எனவே ஸ்பெயினுக்கு ‘தெக்னிகா கொந்தாப்லே’, மெக்சிகோவுக்கு ‘அனலிஸ்தா கொந்தாப்லே’. ஸ்பெயினின் சொந்தத் தொழில் பட்டியலில் நான்கிலக்க எண்கள் வேறு, அந்த எண்ணை இதனுடன் கலக்க வேண்டாம்.

இதே பட்டியல் மற்றவர்களுக்கும் உதவும். பஸ் கண்டக்டராக இருந்தவர் ‘கொந்துக்தோர்’ என்று எழுதினால் டிரைவர் என்று பொருளாகிவிடும். பட்டியலில் டிரைவர் 8331, கண்டக்டர் 5112. கண்டக்டருக்கு ‘கொப்ரதோர்’ என்ற சொல் இருக்கிறது.

படிப்புப் பகுதியில் பேச்சுலர் என்பதை ‘பாச்சியெராத்தோ’ என்று செயலி மாற்றியிருந்தால் உடனே அழியுங்கள். ஸ்பெயினில் அது நம் பிளஸ் டூ. பட்டப்படிப்புக்கு அங்கே ‘கிராதோ’ என்று பெயர், ஆனால் அது வழக்கமாக நான்கு ஆண்டு, 240 கிரெடிட். மூன்றாண்டு பி.காம்.ஐ கிராதோ என்று நேராக எழுதாமல், பட்டத்தின் அசல் பெயரைக் கொடுத்து ‘இந்தியாவில் மூன்றாண்டு வணிகவியல் பல்கலைப் பட்டம்’ என்று ஸ்பானிஷில் விளக்குங்கள். அங்கீகாரம் வேண்டுமானால் 2022ஆம் ஆண்டின் 889ஆம் எண் அரசாணைப்படி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு இடும் முத்திரை), ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் நியமித்த ‘ஹுராதோ’ மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் தேவைப்படும். ரெஸ்யூமேவுக்கு இரண்டும் வேண்டாம், அந்தப் பணத்தை இப்போது செலவழிக்காதீர்கள்.

பதவியை மாற்றி எழுதியதால் பின்னால் சரிபார்ப்பில் சிக்கல் வராதா என்றால், வரும். அதைத் தவிர்க்க, அனுபவச் சான்றிதழில் இருக்கும் ஆங்கிலப் பெயரை அப்படியே முதலில் போட்டு, ஒரு கோடு இட்டு, பக்கத்தில் ஸ்பானிஷ் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். ஸ்பானிஷில் பதவிப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்காது. பெண் என்பதால் ‘தெக்னிகா’, ‘அத்மினிஸ்த்ராதீவா’ என்று முடியும். கொந்தாப்லே, ஹெரெந்தே மாறாமலே நிற்கலாம். ஜிஎஸ்டி வருமிடத்தில் ‘இந்தியாவின் ஈவா வரி’ (ஈவா என்பது அங்குள்ள மதிப்புக்கூட்டு வரி) என்று ஒரு முறை விளக்கினால் போதும், வங்கி ஒத்திசைவுக்கு ‘கொன்சிலியசியோன் பங்காரியா’. அடுத்த முறை சான்றிதழ் கேட்கும்போது, பதவிப் பெயரோடு செய்த வேலைகளையும் நான்கு வரியில் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேளுங்கள். ஹுராதோ மொழிபெயர்ப்பாளர் சான்றிதழில் இருப்பதைத்தான் மொழிபெயர்க்க முடியும், அதில் வேலை விவரம் இல்லையென்றால் அவரால் சேர்க்க முடியாது.