சிட்னிக்கு 11 மணி நேரமா, 20 மணி நேரமா?

கேள்வி: சிட்னியில் மகளுக்குப் பிரசவம். மே மாதம் போய் அக்டோபர் நடுவில் திரும்புகிறேன். இணையத்தில் திருச்சி–சிட்னி 9,100 கி.மீ., 11 மணி நேரம் என்கிறார்கள். சிங்கப்பூர் வழியாகப் போகும் என் டிக்கெட்டிலோ இரவு 11க்கு ஏறி மறுநாள் இரவு 7.30க்கு இறங்குவதாக இருக்கிறது. துபாய் வழி மலிவு என்கிறார் ஏஜென்ட். எதை நம்புவது? – ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: இணையத்தில் வருவது நூல் பிடித்த கணக்கு. நேர்கோட்டுத் தூரத்தை விமான வேகத்தால் வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போக விமானம் வேண்டாமா? திருச்சியிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் போகும் விமானம் கிடையாது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். மே மாதத்தில் சிட்னி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடும். கடிகாரப்படி வரும் இருபதரையில் நாலரையைக் கழித்தால் 16 மணி. சிங்கப்பூர் வரை நாலேகால், அங்கிருந்து ஏழே முக்கால், நடுவில் 4 மணி காத்திருப்பு. சரியாக இருக்கிறது. மொத்த நேரத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டால் இந்தக் குழப்பமே வராது. பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஏஜென்ட் அடித்துத் தரும் தாளில் பல நேரம் அதுவும் இருப்பதில்லை.

திரும்பும்போது ஒரு விஷயம். அக்டோபர் முதல் ஞாயிறன்று சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அப்படித்தான். ஆகவே வரும்போது கடிகார வித்தியாசத்தோடு ஐந்தரை கூட்டுங்கள், நாலரை அல்ல. அதே நாட்டில் பிரிஸ்பேன்காரர்கள் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை! நம் ஊரிலும் சிங்கப்பூரிலும் மாற்றமில்லை.

துபாய் வழி வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர் போகிற வழியில் இருக்கிறது. அங்கே இறங்கி ஏறினாலும் மொத்தம் 9,300 கி.மீ.க்குள்தான். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, கடல் கடந்து போன காலத்திலிருந்து நமக்குப் பழகிய திசை. துபாய் எதிர்த்திசை. அங்கிருந்து சிட்னிக்கே சுமார் 12,000 கி.மீ.; திருச்சியிலிருந்து கணக்குப் போட்டால் 15,000 வரும்.

இதைவிடப் பெரிய பொறி வேறு. விலையைக் குறைத்துக் காட்ட, சில ஏஜென்ட்கள் இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டுப்போட்டுத் தருவார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி கைவிரிக்கும். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போடக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்ட வேண்டும். அங்கே சிங்கப்பூர் விசா கேட்கக்கூடும். பணம் கட்டுமுன், "இரண்டுக்கும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) தானா, பெட்டி சிட்னி வரைக்குமா, எத்தனை கிலோ?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "டைரக்ட்தான் ஆச்சி" என்றால் நம்பாதீர்கள். திருச்சியில் பெட்டியில் கட்டும் சீட்டில் சிட்னியின் குறியான எஸ்.ஒய்.டி. (SYD) என்று இருக்கிறதா பாருங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

சிட்னியில் இறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் போகும். சீப்புச் சீடை, மணகோலம் என்று கொண்டுபோகும் பலகாரம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள், மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.