பதில்: கூரை போட்டுத் தந்தவரை மூப்பராக்கலாமா?

தம்பி, கோயில் கூரைக்குக் காசு தந்த கனடாக்காரரை, சபைக்கு வந்து ஒரு வருடம் ஆகுமுன்னே மூப்பராக்க (சபையை நடத்தும் பொறுப்பில் வைக்க) பார்க்கிறார்கள், எதிர்த்தால் நன்றி கெட்டவன் என்பார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றி வேறு, மூப்பர் பொறுப்பு வேறு. துணிந்து சொல்லுங்கள்.

வேதாகமத்தில் பவுல் அப்போஸ்தலர் எழுதிய 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தையும் தீத்து 1ஆம் அதிகாரத்தையும் கொமிற்றியில் வாசியுங்கள். அங்கே கேட்பது பெரும்பாலும் குணம்தான்: பண ஆசை இல்லாதவர், சண்டைக்குப் போகாதவர், வீட்டை நன்றாக நடத்துபவர். திறமை என்று பார்த்தால், போதிக்கத் தெரிய வேண்டும். வசதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புது விசுவாசி வேண்டாம், பெருமை தலைக்கேறும் என்றும் பவுல் எழுதுகிறார். ஆனால் இவர் கனடாவிலேயே கனகாலம் விசுவாசி என்றால் அது பொருந்தாது. அங்குள்ள போதகரிடம் கடிதம் கேளுங்கள்.

மேசன்மாருக்கு இவர் கூலி பாக்கி என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயம். வெளியாரிடமும் நற்சாட்சி வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 3:7. அந்த மேசன் சைவ சமயத்தவர் என்றால் அவர் சொல்லுக்குப் பெறுமதி குறையாது, கூடும். சுன்னாகம் சந்தையில் நாலு பேரிடம் அவர் இதைச் சொன்னால் சபையின் பெயர்தான் கெடும்.

ஆனால் கேள்விப்பட்டதை வைத்துக் கூட்டத்தில் கதைக்காதீர்கள். மூப்பர் மேல் குற்றம் சொல்ல அதே நிருபம் 5:19 இரண்டு மூன்று சாட்சிகள் கேட்கிறது. முதலில் கனடாக்காரரிடமே தனியாகப் போய்க் கேளுங்கள். கூலியைக் கொடுத்து முடித்தால் சந்தோஷம். அப்போதும் அவசரமாகத் தலையில் கை வைத்துப் பொறுப்பில் ஏற்படுத்த வேண்டாம் என்று 5:22ஐக் காட்டி, ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.