அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து அலிகெனி ஆயுதக் கிடங்கு எதற்காகக் கட்டப்பட்டது? 1862-ல் அங்கே வெடி விபத்து எப்படி நேர்ந்தது?

பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்த 1814-ல், தன் படைகளுக்கு ஆயுதங்கள் வழங்க, லாரன்ஸ்வில் பகுதியில் அமெரிக்க ராணுவம் இதை நிறுவியது. பிறகு பல ஆண்டுகள் பெரிய பரபரப்பு இல்லை. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும் தோட்டாக்களின் தேவை பெருகி நிலைமை தலைகீழானது.

தோட்டா செய்வது அன்று கைவேலைதான். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஈயக் குண்டும் அளவான கருமருந்தும் இட்டு, நூலால் கட்ட வேண்டும். முதலில் பையன்கள் செய்தார்கள். அவர்கள் தீக்குச்சியோடு வந்து மாட்டிக்கொண்டதால் நிறுத்திவிட்டு, இளம்பெண்களைச் சேர்த்தார்கள். பலர் ஏழை ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளைகள், பதின்வயதினர்.

1862 செப்டம்பர் 17, பிற்பகல் 2 மணி. ஆய்வுக்கூடம் என்று அழைக்கப்பட்ட தோட்டா தயாரிக்கும் கட்டடம் அடுத்தடுத்து வெடித்துச் சிதறியது. 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பல உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை. அலிகெனி கல்லறையில் ஒன்றாகப் புதைத்தார்கள். அதே நாளில் நடந்த, உள்நாட்டுப் போரின் பெரும் சண்டைகளில் ஒன்றான ஆன்டீட்டம் சண்டை செய்திகளை நிறைத்துவிட்டதால், இந்தப் பெண்களை நாடு கவனிக்கவேயில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

காரணம் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. மூடி சரியாகப் பொருந்தாத பீப்பாய்களிலிருந்து கருமருந்து கல்பாவிய சாலையில் சிந்திக் கிடந்தது. அதன்மேல் குதிரை லாடமோ வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையோ உரசித் தீப்பொறி பறந்திருக்கலாம் என்பதே வலுவான கருத்து. பீப்பாய்களைக் கொண்டுவந்த வண்டிக்காரரே சக்கரத்தருகே நெருப்பைக் கண்டதாகச் சாட்சி சொன்னார். மரண விசாரணைக் குழு, தலைமை அதிகாரி கர்னல் ஜான் சிமிங்டன் உள்ளிட்டோரின் அலட்சியமே காரணம் என்றது. ராணுவ விசாரணையோ அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.