மீன்வளம் யார் பொறுப்பு? – ஒரு கடிதம்

வணக்கம்.

மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தமிழ்நாடு அரசு தடை செய்த வலையை, தன் எல்லையில் அனுமதிக்கலாம் என்கிறது ஒன்றிய அரசு. நீதிமன்றமோ வாரத்தில் இரண்டு நாள் போகலாம் என்கிறது. மீனுக்கு மாநில எல்லை தெரியுமா? ஒன்பது கடலோர மாநிலங்கள் ஆளுக்கொரு சட்டம் வைத்துக்கொண்டிருப்பதை விட, முழுக் கடலையும் ஒன்றிய அரசே ஒரே சட்டத்தின் கீழ் எடுத்துக்கொண்டால் என்ன? மாநில உரிமை என்ற ஒன்றுக்காகத்தான் நீங்கள் எதிர்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மாநில உரிமை எனக்கு முக்கியம்தான். ஆனால் இதில் என்னை அதிகம் உறுத்துவது, படகும் வலையும் வந்து சேரும் துறைமுகத்தில் நின்று பார்க்கிறவர் கையில் அதிகாரம் இல்லாமல் போவது.

முதலில் சட்டம். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது இனம். கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடித்தல் ஒன்றியப் பட்டியலில் 57-வது இனம். அந்த எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். அதற்கு வெளியே 200 கடல் மைல் வரைக்கும் ஒன்றிய அரசின் பொறுப்பு. மாநிலங்கள் வைத்திருக்கும் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களும் அவை தம் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டவை அல்ல. எழுபதுகளில் விசைப்படகுக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் அடிதடி முற்றியபோது டெல்லியே மாதிரி மசோதா ஒன்றைத் தயாரித்து 1979-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் 1980-லும் தமிழ்நாடு 1983-லும் சட்டம் கொண்டுவந்தன.

இப்போது சுருக்குமடிக்கு வருவோம். மீன் கூட்டத்தைக் கண்டதும் படகு அதைச் சுற்றி வட்டம் போட்டபடியே வலையை இறக்கும். மேல் விளிம்பு மிதவைகளில் நிற்கும். கீழ் விளிம்பு வளையங்களோடு கடலுக்குள் தொங்கும். வட்டம் முடிந்ததும் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால், பாட்டியின் சுருக்குப்பை போல அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்ட மத்திக் கூட்டமோ கானாங்கெளுத்திக் கூட்டமோ அப்படியே மேலே வரும். அன்றைக்கு அந்தப் பக்கம் நாட்டுப்படகில் வலை விட்டவருக்கு மிச்சம் கிடைப்பது சொற்பம்.

தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டிலேயே இதைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் மறுபடியும் உறுதிப்படுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 12 மைலுக்கு வெளியே அனுமதிக்கலாம் என்பது ஒன்றிய அரசின் நிலை. 2023 ஜனவரி 24-ல் இடைக்கால உத்தரவு வந்தது: பதிவு பெற்ற படகுகள், 12 மைலுக்கு வெளியே, கண்காணிப்புக் கருவியோடு, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

காகிதத்தில் இது நியாயமான நடுவழி. கடலில் எப்படி இருக்கும்? மணிக்கு 8 கடல் மைல் ஓடும் படகுக்கு எல்லையைத் தொடவே ஒன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு ஒன்றரை. டீசல் எரிகிறது, ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். மத்தியோ பெரும்பாலும் கரையோரத்து மீன். தாண்டிப் போகிற வழியிலேயே கூட்டம் தட்டுப்பட்டால் எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு போவார்கள்? எங்கே பிடித்தது என்று பெட்டியில் கொட்டிய மீனைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கண்காணிப்புக் கருவி படகு போன தடத்தைக் காட்டும், ஆனால் அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஆள் வேண்டும். கடலோரக் காவல் படைக்கு நாட்டின் பாதுகாப்புதான் முதல் வேலை. கடைசியில் பொறுப்பு மாவட்ட மீன்வளத் துறை அதிகாரியின் தலையில்தான் விழும். தன் துறைமுகத்தில் கிடக்கும் தடை செய்யப்பட்ட வலையைப் பார்த்தும், 'வெளியே போடத்தான்' என்ற பதிலைக் கேட்டுவிட்டு அவர் விட்டுவிட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஊர்கள் தாங்களே இறங்கிவிடுகின்றன. 2021 ஆகஸ்ட்டில் புதுச்சேரியில் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் சுருக்குமடியால் மோதல் வந்து, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியதாயிற்று. இரு பக்கமும் மீனவர்கள்தான் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கும் வருகிறேன், அது பெரியது. கேரளத்தில் மத்தி 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் 4 ஆயிரம் டன்கூட இல்லை. கடல் சூடேறியது உட்பட இதற்குக் காரணங்கள் பல. ஆனால் கேரளம் குஞ்சுமீன் பிடிக்கக் கூடாது என்று 2015-ல் அளவு நிர்ணயித்தபோது பக்கத்து மாநிலங்களில் அப்படி ஒரு விதி இல்லை. இங்கே இறக்கக் கூடாத குஞ்சை அங்கே மீன்தூள் ஆலைக்குக் கொடுக்கலாம் என்றால் விதி எப்படி நிற்கும்? ஒரு மாநிலம் தனியாக இதைச் செய்ய முடியாது. குறைந்தபட்ச அளவு, மொத்தப் படகு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போன்றவற்றை ஒன்றிய அரசு மாநிலங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து முடிவு செய்யத்தான் வேண்டும்.

ஆனால் அது தரையாக இருக்க வேண்டும், கூரையாக அல்ல. அதைவிடக் கடுமையாகப் போக விரும்பும் மாநிலத்தை ஒன்றிய விதி கீழே இழுக்கக் கூடாது. 2021-ல் கடல் மீன்வள மசோதா வரைவு வந்தபோது முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். அந்த மசோதா சட்டமாகவில்லை. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு 12 மைலுக்கு வெளியே உள்ள கடலுக்கு விதிகளை அறிவித்தது. அதன்படி விசைப்படகுகள் இணையதளம் வழியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு. எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதற்கும், இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்கும் தடை. இந்தத் தடைகளை முழுமனதோடு வரவேற்கிறேன்.

அதில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. படகு எந்த மாநிலத்துத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறதோ, அந்த மாநிலம் தடை செய்த வலைக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. சுருக்குமடியில் முதல் போட்டவர்கள் பலர் கடனில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த வலைகளை அரசு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, மாற்று வலைக்கு மானியம் தரட்டும். அந்தச் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.