இரண்டாவது குழந்தையும் புது உதவியாளரும்

கேள்வி: இரண்டு மாதத்தில் இரண்டாவது குழந்தை. மூத்தவனுக்கு 3 வயது. வேலைக்கு ஆள் வைக்க நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: இப்போதே தேடுங்கள். பிரசவத்துக்கு 4 வாரம் முன்பாவது அவர் வந்துவிட வேண்டும். கைக்குழந்தையும் புது ஆளும் ஒரே வாரத்தில் வந்தால் மூத்தவன் திணறிப்போவான்.

வீட்டு வேலைக்கா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளவா? பெரும்பாலும் மனஸ்தாபம் முளைப்பது இங்கேதான். பாத்திரம், துணி என்று பேசி வைத்துவிட்டு, பத்தாம் நாள் "குழந்தையைக் கொஞ்சம் பிடிங்க" என்போம். அந்தக் 'கொஞ்சம்' இரண்டு மணி நேரமாகும். பாத்திரம் அப்படியே கிடக்கும். இரு பக்கமும் முகம் சுளிக்கும். உங்களுக்கு வீட்டு வேலைக்கான ஆளே போதும் என்பேன். பச்சிளம் குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தாய்ப்பால் என்றால் அதை அம்மாதான் கொடுத்தாக வேண்டும். துவைப்பதையும் துலக்குவதையும் யாரும் செய்யலாம்.

வேலை நேரம், வார விடுமுறை, சம்பள நாள், கூடுதல் நேரத்துக்கான தொகை எல்லாவற்றையும் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் "மறுபடி கூப்பிடுவீர்களா?" என்று கேளுங்கள், தயங்கினால் காரணத்தைத் துருவுங்கள். முதல் மூன்று நாள் வெள்ளோட்டம், சம்பளத்தோடு.

அவர் குழந்தையைத் தூக்குவார் என்றால், அவருக்குக் கக்குவான் இருமல் தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குழந்தையைத் தூக்கும் முன் ஊசி போட்டு 2 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தலையணை கூடாது என்பதைச் செய்தே காட்டுங்கள். மூத்தவனைக் குளிப்பாட்டுவதையோ தூங்கவைப்பதையோ மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.