கேட்டதையே கேக்குறாங்க அம்மா, இது வயசு மறதிதானா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. ஆறேழு மாசமா கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்குறாங்க. போன மாசம் ஒரே கரண்ட் பில்லை ரெண்டு தடவை கட்டிட்டாங்க. ஆனா நாப்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததைத் தேதியோட சொல்றாங்க. வயசானா அப்படித்தான்னு அப்பா சொல்றாரு. இது அல்சைமர்ங்கற மறதி நோயா இருக்குமோ?

பதில்: பழசு ஞாபகம் இருக்குன்னு நிம்மதியாயிடாதீங்கம்மா, பாதிப் பேர் ஏமாறுறது அங்கதான். புதுசா நடக்குறதைப் பதிஞ்சு வைக்கிற ஹிப்போகேம்பஸ்னு மூளையில ஒரு பகுதி இருக்கு, அல்சைமர் பெரும்பாலும் அங்கதான் முதல்ல கை வைக்கும், எப்பவோ பதிஞ்சு கெட்டியானது ரொம்ப நாள் தாங்கும். அதான் கல்யாணத் தேதி கரெக்டா வருது, காலையில யார் போன் பண்ணாங்கன்னு வரல.

பில் கட்ட மறக்குறது நானும் பண்றதுதான். கட்டினதே மனசுல பதியாம மறுபடி கட்டுறது வேற. பேர் வராம தவிக்கிறவங்களுக்கு முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தா 'ஆங், அவரேதான்'னு பிடிச்சுக்குவாங்க, அது வயசு. எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லங்கற மாதிரி முழிச்சாங்கன்னா டாக்டரைப் பாக்கணும். தெரிஞ்ச வழியில தடுமாறுறது, ஆளுங்களோட பழகாம ஒதுங்குறது, இதையும் கவனிங்க.

இன்னொண்ணு. நேத்து எங்க போனீங்கன்னு யாராவது கேட்டா அம்மாவோட கழுத்து அப்பா பக்கம் திரும்புதா? அவரும் டக்குனு பதிலை எடுத்துக் கொடுத்துடுறாரா? டாக்டருங்க கவனிக்கிறதுல இந்தத் திரும்புறதும் ஒண்ணு. வயசானா அப்படித்தான்னு சொல்ற அப்பாவே உள்ளுக்குள்ள எவ்வளவு சமாளிச்சுட்டு இருக்காரோ, தனியா உக்கார வெச்சு கேளுங்க. 1906-ல அலோய்ஸ் அல்சைமர்ங்கற ஜெர்மன் டாக்டர் இந்த நோயைப் பத்தி முதல்ல பேசினப்போ அவர் சொன்னது 51 வயசுல ஆஸ்பத்திரியில சேர்ந்த ஒரு பெண்ணைப் பத்தி, அதனால இது வெறும் வயசு விஷயம் இல்லன்னு அப்பாகிட்ட சொல்லுங்க.

அதுக்குன்னு நீங்களா பேர் வெச்சுடாதீங்க. தைராய்டு கம்மியானாலும், வைட்டமின் பி12 குறைஞ்சாலும், டிப்ரெஷன் இருந்தாலும், சில தூக்க மாத்திரையாலயும் இதே மாதிரி வரும், அதெல்லாம் சரி பண்ணக்கூடியது. காது சரியா கேக்காதவங்களும் கேட்டதையே கேப்பாங்க! அதனால ரத்தப் பரிசோதனை, காது, சாப்பிடுற மாத்திரை லிஸ்ட் எல்லாம் பாத்துட்டு, நரம்பியல் டாக்டர் தேவைப்பட்டா ஸ்கேன் எடுப்பாரு. கடிகாரம் வரைஞ்சு பதினொண்ணு பத்து காட்டுங்கன்னு கூட கேப்பாங்க, சிலருக்கு நம்பரெல்லாம் ஒரே பக்கமா குவிஞ்சிடும், சிலர் பத்துங்கற சொல்லைப் பிடிச்சுக்கிட்டு பெரிய முள்ளை 2-க்குப் பதிலா 10-லயே வெச்சுடுவாங்க. வீட்ல இதை வெச்சு அம்மாவுக்குப் பரீட்சை நடத்தாதீங்க, பாவம்.

அல்சைமர்தான்னு உறுதியானாலும் முழுசா குணமாக்க இன்னும் மருந்து இல்ல. டோனெபெசில் மாதிரி மாத்திரை சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயோட வேகத்தைக் குறைக்கிற லெகனெமாப் ஊசி ஆரம்ப நிலைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான், அதுலயும் மூளை வீக்கம், ரத்தக்கசிவு ரிஸ்க் உண்டு. டாக்டரைப் பாக்குறதைத் தள்ளிப் போடாதீங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க, என்ன நடந்துச்சு, என்னைக்குன்னு ரெண்டு வரி போதும். டாக்டர்கிட்ட அதை முன்னாடியே கொடுத்துடுங்க, அம்மா எதிர்ல வாசிக்க வேணாம். அவங்க அஞ்சாவது தடவை கேட்டாலும் 'இப்பதானே சொன்னேன்'னு சொல்லாம முதல் தடவை மாதிரியே பதில் சொல்லுங்க, அவங்களுக்கு அது முதல் தடவைதான்.