எச்.ஐ.வி மாத்திரை எலும்பைத் தின்கிறதா?

கேள்வி: எனக்கு 54 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறேன். எட்டு வருடமாக எச்.ஐ.வி மருந்து சாப்பிடுகிறேன். இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். ரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்கிறார்கள். போன மாதம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டரிடம் எச்.ஐ.வி பற்றிச் சொல்லவில்லை. அவர் கொடுத்த கால்சியத்தையும் இந்த மருந்தையும் காலையில் வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறேன். இந்த மாத்திரைதான் எலும்பைத் தின்கிறது, நிறுத்து என்கிறார் தெரிந்த அக்கா. முதுகு வலிக்கு அவர் கொடுத்த ஜாமு (மூலிகை மருந்து) கேப்சூல் இரண்டே நாளில் கேட்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மருந்து தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 விழுக்காடு வரை குறைகிறது. பிறகு பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடும். உங்கள் மருந்தில் உள்ள டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் வகையாக இருந்தால், அது சிலருக்குச் சிறுநீரகம் வழியாக பாஸ்பேட் கசியும்படி செய்யும். பாஸ்பேட் குறைந்தால் எலும்பு இறுகாது. ஆனால் மருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. கிருமியும் எலும்பை அரிக்கும். 54 வயதில் மாதவிடாய் நின்றிருக்கும். அதன் பங்கும் பெரியது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தே இருக்கிறார்கள். 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த ஸ்மார்ட் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மருந்தை விட்டு விட்டு எடுத்தவர்களுக்கு எலும்பு கொஞ்சம் தேறியது உண்மைதான். ஆனால் தொற்றோ மரணமோ வரும் ஆபத்து, விடாமல் எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. இந்தப் பேரம் நமக்கு வேண்டாம்.

இப்போது கால்சியம். நீங்கள் விழுங்கும் முறைதான் எனக்குக் கவலை தருகிறது. வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் கால்சியம் டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு எடுப்பதாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கலாம். வெறும் வயிற்றில்தான் என்றால், முதலில் எச்.ஐ.வி மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துக் கால்சியம். கால்சியத்தை முதலில் எடுத்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. அலுமினியம், மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தைச் சாப்பாட்டோடு என்றாலும் சேர்க்கக் கூடாது, அதே இடைவெளி வேண்டும். உங்கள் எலும்பு டாக்டர் இதைச் சொல்லாததில் வியப்பில்லை, அவருக்குத்தான் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றே தெரியாதே.

ஏன் சொல்லவில்லை என்று புரிகிறது. சின்ன ஊர். மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பது பக்கத்து வீட்டுப் பெண்ணாகக்கூட இருக்கலாம். வாயால் சொல்ல வேண்டாம். நீங்கள் எச்.ஐ.வி-க்குப் போகும் கிளினிக்கில் கேட்டால் கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தருவார்கள். அதை டாக்டர் கையிலேயே கொடுங்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால், அது எலும்பு பலவீனமா என்று பார்க்கச் சொல்லும் உடைவு. மாதவிடாய் நின்ற, எச்.ஐ.வி உள்ள எல்லாப் பெண்களுக்குமே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுப்பது நல்லது என்பது நிபுணர்கள் பரிந்துரை. உங்களுக்கு அது இன்னும் அவசியம். வலியே இல்லாத சோதனை. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். கூடவே வைட்டமின் டி, பாஸ்பேட், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு வைட்டமின் டி குறையாது என்று நினைக்காதீர்கள். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டால் தோலுக்கு வெயில் எங்கே படுகிறது?

முடிவு மோசமாக இருந்தாலும் வழி உண்டு. வாரம் ஒருமுறை எடுக்கும் எலும்பு மருந்தான அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் எச்.ஐ.வி உள்ளவர்களிடமும் நன்றாக வேலை செய்கிறது. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். டெனோஃபோவிரையும் மாற்றலாம், ஆனால் அது கல்லீரல் அழற்சி பி-யையும் அடக்கி வைக்கும் மருந்து. அந்தக் கிருமி உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே டாக்டர் மாற்றுவார்.

சாப்பாட்டில் பெரிய செலவு வேண்டாம். தலையோடு உள்ள நெத்திலி, தவ்ஃபூ, கேழ்வரகு, முருங்கைக்கீரை போதும். கெட்டிப்பால் போட்ட தே தாரிக்கைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த ஜாமு கேப்சூலைப் பற்றி. இரண்டு நாளில் முதுகு வலி பறந்தது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது டெக்சாமெத்தசோன் மீதுதான். நம் மலேசியாவில் சுகாதார அமைச்சு பிடிக்கும் கலப்பட மருந்துகளில் இந்த ஸ்டீராய்டு திரும்பத் திரும்ப அகப்படுகிறது. எலும்பை உண்மையில் தின்பது அதுதான். சில நாள் மட்டும் சாப்பிட்டிருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. கேப்சூலை எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக்கிற்குப் போங்கள். தொடை இடுக்கில் வலி வந்து நடக்கும்போது கூடினால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போவதுண்டு, எச்.ஐ.வி உள்ளவர்களிடம் அது கூடுதலாகவே வரும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.